விட்டுப்போன நானூற்றுப் பன்னிரண்டு பேர்

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

"எரர் வந்தா அப்படியே எழுதி வைங்கண்ணா. இன்னாவோ வந்துச்சின்னு வந்து நிக்காதீங்க" என்று மஞ்சு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். ஜனவரியில் உரக்கடையில் கொடுத்தது. எழுத என்ன இருக்கிறது என்று எட்டு மாதமாக வெள்ளையாகவே போட்டுவைத்திருந்தேன்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் டிக், டிக், டிக். பல்லி என்று நினைத்து மேஜைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்லி இல்லை. பெட்டியில் காதை வைத்தேன், சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மஞ்சுவைக் கூப்பிட்டேன். வந்து கேட்டவள் முகம் மாறிவிட்டது.

"ஹார்ட் டிஸ்க் போவப் போவுதுண்ணா. இன்னிக்கோ, ஆறு மாசம் கழிச்சோ, அதுக்கே தெரியாது. எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல பேக்கப் எடுத்துடுங்க." இலவச சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்று காட்டினாள்.

அந்த டிஸ்க்கில் இருப்பது பன்னிரண்டு வருடம். நிலா டிஜிட்டல்ஸ் என்றால் காதுகுத்து, மஞ்சள் நீர், கட்சிக்காரர் வரவேற்பு எல்லா ஃப்ளெக்ஸும் அடிப்போம். ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியது கண்ணீர் அஞ்சலிதான். தளவானூர், தொண்டூர், வல்லம் என்று சுற்றுவட்டாரத்தில் செத்தவர் படம் எங்களிடம் இருக்கும். அடுத்த வருடம் அதே படத்தை எடுத்து 'முதலாம் ஆண்டு' என்பதை 'இரண்டாம் ஆண்டு' என்று மாற்றிக் கொடுப்போம். பல வீட்டில் அந்த ஆளுக்கு வேறு படமே கிடையாது.

படம் பிடிப்பது, பிரிண்ட் போடுவது, கம்பத்தில் ஏறிக் கட்டுவது நான். கம்ப்யூட்டர் முழுக்க என் பொண்டாட்டி வெண்மதி. நவம்பர் 18 வந்தால் அவள் போய் ஒரு வருடம்.

செப்டம்பர் 10, புதன்

எழுதத் தொடங்கியாயிற்று, இதையும் எழுதிவிடுகிறேன்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் எங்களுடையது. போன வருடம் வெண்மதி போன அன்று அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கே டிசைன் போட யாருக்கும் கை வரவில்லை. தம்பி வீரமணி திண்டிவனம் போய் அடித்துக்கொண்டு வந்தான். ஆதார் அட்டைப் படம். கண்ணை முழித்துக்கொண்டு, திருடிப் பிடிபட்டவள் மாதிரி. ஆயிரம் பேரை அழகாக்கி அனுப்பியவள் அப்படித்தான் நாலுமுனைச் சந்திப்பில் தொங்கினாள். முதல் வருடத்துக்காவது நல்ல படமாகப் போட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

நல்ல படம் எல்லாம் கம்ப்யூட்டரில் 'வீடு' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. மாதா மாதம் என் போன், மகள் நிலா போன் இரண்டையும் வாங்கி, படத்தை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு, "எடம் அடைக்குது" என்று போனில் அழித்துவிடுவாள். கல்யாண ஆல்பம் அவள் போன பதிமூன்றாம் நாள் வந்த புயல் மழையில் ஊறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. நிலா போனில் மிஞ்சியிருப்பது ஆஸ்பத்திரியில் எடுத்தவை. முடி கொட்டி, தலையில் துண்டு கட்டி. அதைப் பார்த்துவிட்டு வெண்மதியே சொன்னாள்: "இந்த மூஞ்சிய பேனர்ல போட்டுடாதய்யா."

'வீடு' ஃபோல்டரை நான் இன்னும் திறக்கவில்லை. நவம்பர் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

எரர் 1. வீரமணி வீட்டு டிவியில் சினிமா பார்க்க வைத்திருந்த வெளி டிஸ்க்கை வாங்கி வந்து போட்டேன். கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. 'ஃபைல் பெரியது. இந்த டிரைவில் எழுத முடியாது.' பாதி டிஸ்க் காலியாகத்தான் இருக்கிறது. அப்புறம் என்ன பெரியது?

மஞ்சு போனில் சொன்னாள்: "டிவிக்குன்னு ஃபார்மேட் பண்ணதுண்ணா அது. நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா உள்ள வுடாது. அழிச்சுட்டு வேற மாதிரி ஃபார்மேட் பண்ணணும்."

வீரமணியிடம் கேட்டேன். "அண்ணி போட்டோவுக்குத்தானே, அழிச்சுக்கோ" என்றான்.

செப்டம்பர் 15, திங்கள்

எரர் 2. 'சாதனம் காணவில்லை.' மேஜையில்தான் இருக்கிறது, விளக்குகூட எரிகிறது, காணவில்லையாம். முன்பக்க ஓட்டையில் சொருகினால் கரண்ட் பத்தாதாம். பின்பக்கம் சொருகி ஒயரை மாற்றியதும் கண்டுகொண்டது.

செப்டம்பர் 18, வியாழன்

எரர் 3. 'சேமிக்கும் இடம் கிடைக்கவில்லை.' நேற்று வரவேற்பு பேனருக்கு ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் வந்ததிலிருந்து வருகிற விருந்தாளிக்கெல்லாம் பேனர். அதைச் சொருகியதும் அது 'E' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு நம் டிஸ்க்கை 'F' க்குத் தள்ளிவிட்டது. சாப்ட்வேர் 'E' யிலேயே போய்த் தேடுகிறது. வீடு மாறிப் போனவனைப் பழைய வாசலில் நின்று கூப்பிடும் தபால்காரன் மாதிரி. மஞ்சு வந்து 'Z' என்று வைத்துவிட்டாள். இனி யாரும் தள்ள மாட்டார்களாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

முடிந்தது. பச்சை டிக். 'நிறைவடைந்தது, சில எச்சரிக்கைகளுடன்.' எச்சரிக்கை இல்லாமல் உலகத்தில் எது நிறைவடைகிறது? நிலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். விழுப்புரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். "அம்மா படமெல்லாம் வந்துடுச்சா நைனா?" என்றாள். எல்லாம் வந்துவிட்டது என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. துக்க வருடம், பெரிதாக எதுவும் இல்லை. பிரிண்டர், ஏணி, கேமரா, கம்ப்யூட்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றுக்கும் பொட்டு மட்டும் வைத்தேன். டிக் டிக் இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

தொண்டூரிலிருந்து குஞ்சம்மாள் வந்தார். வீட்டுக்காரர் தனகோட்டிக்கு இரண்டாம் ஆண்டு. கம்ப்யூட்டருக்கு ஏன் வேலை வைப்பது என்று வெளி டிஸ்க்கிலிருந்து எடுக்கலாமென்று திறந்தேன். தொண்டூர் இருக்கிறது. தெரு இருக்கிறது. தனகோட்டி ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

பக்கத்து ஃபோல்டரும் காலி. அடுத்ததில் இருக்கிறது. அடுத்தது காலி.

மஞ்சு வந்து அந்த 'எச்சரிக்கை'களைத் திறந்து காட்டினாள். பதினைந்து நாளாக நான் பார்க்காத பட்டியல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 'விடுபட்டவை: 412. காரணம்: பெயர் மிக நீளம்.' அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். அப்படியே ஒன்றை எழுதுகிறேன்:

'தொண்டூர் பெரிய தெரு மறைந்த திரு. முத்துசாமி அவர்களின் மூத்த குமாரர் தெய்வத்திரு. தனகோட்டி அவர்களின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி - திருத்தியது - கடைசி - இதுதான் கடைசி.'

மஞ்சு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு அவளே, "ஃபைலுக்கு யாருண்ணா 'அவர்கள்' போடுவாங்க?" என்று கேட்டாள். அப்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வெண்மதி போடுவாள். பேனரில் என்ன இருக்கிறதோ அது ஃபைல் பெயரிலும் இருக்க வேண்டும் அவளுக்கு. அவள் அப்பா கலியபெருமாள் அறுபத்தெட்டு வயதுவரை அடுத்தவன் கழனியில் நின்றவர். பேரன் வயதுப் பையன்கூட "ஏ கலியா" என்றுதான் கூப்பிடுவான். அவர் பெயரோடு 'திரு'வும் 'அவர்களும்' சேர்ந்து வந்தது, செத்த அன்று நாங்கள் அடித்த ஃப்ளெக்ஸில்தான். "உசுரோட இருந்தப்ப ஒருத்தனும் தரல. கம்ப்யூட்டருக்குள்ள இன்னா இடமா அடைக்கப் போவுது? இருக்கட்டும்" என்றாள். அதிலிருந்து எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்க்காமல் எல்லாருக்கும் அப்படித்தான்.

இடம் அடைக்கத்தான் செய்திருக்கிறது. தமிழில் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தனித்தனி எழுத்தாக எண்ணுமாம். அதற்குமேல் இந்த சாப்ட்வேர் தன் பெயர், தேதி, கம்ப்யூட்டர் பெயர் என்று முன்னால் ஒரு வாலைச் சேர்த்துக்கொள்கிறது. இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டினால் உள்ளே விடாது.

"பேரைச் சுருக்கிட்டு விட்டுப்போனதை மட்டும் திரும்ப எடுங்கண்ணா. நாள் கடத்தாதீங்க" என்றாள் மஞ்சு.

அக்டோபர் 4, சனி

இன்று ஒன்று செய்தேன். வெளி டிஸ்க்கில் இருந்த அரைகுறை காப்பியை அழித்துவிட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரை வெளியே நிறுத்திவிட்டு மற்றவரை உள்ளே வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் பாதிப் பேரை எழுப்பி அனுப்பிவிட்டு மீதிப் பேருக்குச் சாப்பாடு போட்டமாதிரி. எங்கள் அப்பன் பாட்டன் எழுந்துபோன பந்திகள் போதும். பெயரை எல்லாம் சரிசெய்துவிட்டு, முதலிலிருந்து, எல்லாரையும் ஒரே பந்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒரு நாளைக்கு ஐம்பது பெயர்தான் முடிகிறது. மாற்றும் முன் முழுப் பெயரை இந்த டைரியின் பின்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். பிறகு 'தெய்வத்திரு' போகும். 'அவர்களின்' போகும். ஊரும் அப்பா பெயரும் போகும். கடைசியில் 'தனகோட்டி 1' என்று நிற்கும். கைதி மாதிரி.

மாமனாருடையதும் வந்தது. 'கலியபெருமாள் 1.' அதைச் செய்துவிட்டு எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

270.

அக்டோபர் 13, திங்கள்

412 முடிந்தது. காலை பத்து மணிக்கு ஓடவிட்டேன். டிக் டிக் இப்போது பக்கத்து டெய்லர் கடைவரை கேட்கிறது.

மஞ்சு எட்டிப் பார்த்தாள். பழைய காப்பியை அழித்ததைச் சொன்னேன். "புதுசு வர்றதுக்குள்ள பழசை யாருண்ணா அழிப்பாங்க?" என்றாள். பிறகு, "சரி, ஒங்களுக்கு எது முக்கியமோ அதை மொதல்ல கையால இழுத்துப் போட்டுடுங்க. சாப்ட்வேர் வரிசையாத்தான் போவும்" என்றாள்.

வரிசையைப் பார்த்தேன். அனந்தபுரத்தில் தொடங்குகிறது. செஞ்சி, தளவானூர், தொண்டூர். கடைசிக்கு முன்னது வல்லம். கடைசி, 'வீடு'.

கடைக்கு வந்தவர் வேலை முதலில், நம் வேலை கடைசியில் என்பாள் வெண்மதி. அவள் சொன்னபடியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை 11.20. வல்லத்தில் பாதியில் நின்றுவிட்டது. டிக் டிக்கும் நின்றுவிட்டது.

அதே நாள், மதியம்

மஞ்சு வந்து டிஸ்க்கைக் கழற்றி அவள் மிஷினில் போட்டுப் பார்த்தாள். அதில் சுற்றவே இல்லை. சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

வெண்மதி சொன்னபடி என்று நேற்று எழுதியது பொய். எனக்கே எழுதிக்கொள்கிற டைரியில் எதற்குப் பொய்? கையால் இழுத்துப் போட வேண்டுமானால் 'வீடு' ஃபோல்டரைத் திறக்க வேண்டும். திறந்தால் அவள் முகம் வரும். சின்னச் சின்னக் கட்டமாக, நூறு, ஆயிரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கடைக்குச் சாமான் வாங்கி வந்த அன்று எடுத்தது, நிலாவுக்குக் காது குத்தியபோது எடுத்தது, சிறுகடம்பூர் ஏரிக்கரையில் எடுத்தது. எனக்குத் தைரியம் இல்லை. பதினோரு மாதமாக அந்த மஞ்சள் ஃபோல்டர்மேல் அம்புக்குறி பட்டால்கூடக் கையை எடுத்துக்கொள்வேன். பயந்தாங்கொள்ளி. முதல் தடவை பத்திரமாக வந்து சேர்ந்ததை நானே அழித்தேன். இரண்டாம் தடவை ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. இன்னாத்துக்கு ஒரு மனுஷன் இப்படி இருக்கணும்?

அக்டோபர் 16, வியாழன்

வெளி டிஸ்க்கில் அழித்ததைத் தோண்டி எடுக்க முடியுமா என்று மஞ்சு இரண்டு நாளாகப் பார்த்தாள். ஊர்ப் படங்கள் வரிசையாக ஏறி, பழைய காப்பி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. முதல் தடவை விட்டுப்போன நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்த முறை உள்ளே வந்ததால் வரிசை நீண்டு, முன்பு 'வீடு' இருந்த இடம்வரை போயிருக்கிறது.

தேறியது ஒன்பது படம். எல்லாவற்றிலும் மேலே ஒரு விரற்கடை வானமோ சுவரோ இருக்கிறது. கீழே எல்லாம் சாம்பல்.

அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம். உட்காரச் சொன்னது நான்தானே.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. தெருவில் வெடிச் சத்தம். நிலா லீவுக்கு வந்தவள், "அம்மா படம் எடுத்து வைச்சியா நைனா, டிசைன் நான் போடறேன்" என்றாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், அழித்ததையும் சேர்த்து.

கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஊர்ல செத்தவங்க எல்லாரும் மொதல்ல. அம்மா கடைசியா?"

கடைக்கு வந்தவர் முதலில் என்று அம்மாதான் சொல்வாள் என்றேன். அந்தப் பொய்யையே அவளிடமும் சொன்னேன்.

"அம்மா அப்டித்தான் சொல்லும். நீயுமா நைனா?"

சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அக்டோபர் 30, வியாழன்

சென்னையிலிருந்து டிஸ்க் திரும்பி வந்தது. உள்ளே தட்டு முழுக்கக் கீறலாம். ஒன்றும் எடுக்க முடியாதாம். அட்டைப் பெட்டியோடு மேஜை இழுப்பறையில் வைத்தேன். தூக்கிப் போடவா முடியும்?

நிலா போனை எடுக்கவில்லை. வெளி டிஸ்க்கில் வந்து சேர்ந்திருந்த ஊர்ப் படங்களைப் புது டிஸ்க்கில் ஏற்றி மஞ்சு கடையை ஓடவைத்துவிட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

தளவானூர் பூவாயி அக்கா வந்தார். அம்மா நாகம்மாளுக்கு மூன்றாம் ஆண்டு. 'நாகம்மாள் 2' ஐத் திறந்து, இரண்டாம் என்பதை மூன்றாம் என்று மாற்றினேன். "போட்டோ பழசாத் தெரியுது தம்பி, கொஞ்சம் பெரிசா வராதா?" என்றார். பெரிதாக வேண்டுமானால் வெட்டாத படம் வேண்டும். வெண்மதி அதை 'அசல்' என்று தனியாக வைத்திருப்பாள். நான் அதற்குள் போனதே இல்லை.

திறந்தேன். நாலு படம். 2021இல் முதியோர் பணத்துக்கு மனு போட பாஸ்போர்ட் படம் வேண்டுமென்று தளவானூர் போய் எடுத்தது. குகைக் கோயில் பாறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நாகம்மாள் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வெள்ளை வேட்டித் திரை. திரையின் மேல் விளிம்பில் எட்டு விரல். இடது கையில் சிவப்புக் கண்ணாடி வளையல்.

கிராமத்துக்குப் போனால் திரைக்கு ஸ்டாண்டு கிடையாது. வெண்மதிதான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். "சீக்கிரம் எடுய்யா, கை வலிக்குது" என்பாள். நான் முன்னால் இருக்கும் முகத்தைப் பார்ப்பேன், ஃபோகஸ் வைப்பேன், அமுக்குவேன். கடைக்கு வந்து அவள் கையை அவளே வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வாள்.

பூவாயி அக்கா, "இன்னா தம்பி, ஒடம்பு முடியலையா?" என்றார். கம்ப்யூட்டர் திரையில் அந்த விரல்களைக் காட்டினேன். கிட்ட வந்து பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

அவர் போனதும் நிலாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "இந்த மாதிரி எத்தினி இருக்குது நைனா?"

நவம்பர் 8, சனி

நிலா வந்துவிட்டாள். நேராகக் கடைக்கு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் அதில் உட்கார்ந்த முதல் ஆள். நான்கூடப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத்தான் வேலை பார்த்தேன்.

அவளிடம் பொய்யைத் திருத்திச் சொன்னேன். அம்மா சொன்னதற்காக இல்லை, பயம், திறக்கப் பயம் என்று. திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும்தான் நைனா. அம்மா படத்தை நானும் கேட்டு வாங்கியிருக்கலாம், வாங்கலையே" என்றாள்.

அனந்தபுரம், செஞ்சி முடித்தோம். எல்லாம் விரல்கள். ஒரு படத்தில் திரைக்குக் கீழே செருப்பில்லாத கால். ஒன்றில் வெயிலில் திரை ஊடுருவி, உள்ளே ஆள் நிழல். நான் எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் அவள் இருக்கிறாள். ஒரு நாளும் நான் அவளைப் பார்த்து அமுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தளவானூரில் நாகம்மாள் ஃபோல்டரை நான் சரியாகப் பார்க்கவில்லை. அன்றைக்கு முதல் படத்தைத் திறந்ததும் கண் மறைத்துவிட்டது. மூன்றாவது படத்தில் நிலா நிறுத்தினாள்.

பாறைக் காற்று. வேட்டி ஒரு பக்கம் நழுவிப் பறக்கிறது. அதைப் பிடிக்கப் போன வெண்மதி முழுசாகத் தெரிகிறாள். வாயைத் திறந்து சிரிக்கிறாள், தலைமுடி முகத்தில் விழுந்திருக்கிறது. பச்சைப் புடவை. நாகம்மாளும் திரும்பிப் பார்க்காமலே சிரிக்கிறார். நோய்க்கு மூன்று வருடம் முன்னால்.

ஆனால் மங்கல். ஃபோகஸ் நாகம்மாள் முகத்தில். பின்னால் இருப்பவளுக்கு ஓரம் எல்லாம் கரைந்திருக்கிறது. ஃப்ளெக்ஸுக்குப் பெரிசாக்கினால் இன்னும் கரையும். பன்னிரண்டு வருடம் தொழில் பார்த்தவன் இந்த மாதிரிப் படத்தைக் கஸ்டமர் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"கூர்மையாக்க ஏதாவது இருக்குமே" என்றேன். நிலா முயன்று பார்த்தாள். மூக்கும் வாயும் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டது. அழித்துவிட்டு மங்கலையே வைத்தாள். "அம்மா இதுதான் நைனா" என்றாள்.

நவம்பர் 12, புதன்

வெண்மதியை மட்டும் வெட்டி எடுக்க முடியவில்லை. அவள் இடது தோள் நாகம்மாள் தலைக்குப் பின்னால் இருக்கிறது. எங்கே வெட்டினாலும் பாதித் தோள் போய்விடும். அடுத்தவர் வீட்டு அம்மாவை நம் பேனரில் போடுவது எப்படி? தளவானூர் போய் பூவாயி அக்காவிடம் போனில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டேன். ஓரமாக மறைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மா சிரிச்சு இன்னொரு போட்டோ கெடையாது தம்பி. தனியா ஒக்கார மாட்டேன்னுச்சி அன்னிக்கி. ஒன் பொண்டாட்டிதான், நான் பின்னால நிக்கிறேன் ஒக்காரும்மான்னா." பிறகு சொன்னார்: "எங்கம்மாவ வெட்டாத. ஒன் பொண்டாட்டியயும் வெட்டாத. ரெண்டு பேரும் இருக்கட்டும்."

நவம்பர் 17, திங்கள்

பிரிண்ட் போட்டேன். பத்துக்கு எட்டு. வெண்மதி முகம் மெஷினிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தது. முதலில் வானம். பிறகு முடி. இந்த முறை அதற்குக் கீழேயும் வந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

நாலுமுனைச் சந்திப்பில் நானே ஏறிக் கட்டினேன். வீரமணி ஏணியைப் பிடித்துக்கொண்டான். இறங்கி வந்து பார்த்தேன். முன்னால் ஒரு வயதான அம்மா தெளிவாக. பின்னால் மங்கலாகச் சிரித்துக்கொண்டு என் பொண்டாட்டி. டீக்கடையில் ஒருவர், "இதுல செத்தது யாருப்பா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும்" என்றேன்.

பூவாயி அக்கா பஸ் பிடித்து வந்து கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார். நிலா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். ரோடு என்றும் பார்க்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

இப்போது வாராவாரம் திங்கள் காலை பேக்கப் தானாக ஓடுகிறது. வெளி டிஸ்க் இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வீரமணி வீட்டில். பச்சை டிக் வந்தாலும் நான் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.

இன்று: 'நிறைவடைந்தது. விடுபட்டவை: 1. காரணம்: பெயர் மிக நீளம்.'

பேனர் டிசைனுக்கு நிலா வைத்த பெயர். ஹாஸ்டலுக்குப் போகும்முன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி வைத்தாள்: 'செஞ்சி நிலா டிஜிட்டல்ஸ் திரு. அன்புச்செல்வன் அவர்களின் துணைவியாரும் தளவானூர் தெய்வத்திருமதி நாகம்மாள் அவர்களுக்குப் பின்னால் நிற்பவருமான தெய்வத்திருமதி வெண்மதி அவர்களின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி - திருத்தியது - கடைசி - இதுதான் கடைசி.'

சுருக்கினால் ஒரு நிமிடத்தில் எரர் போய்விடும். சுருக்கவில்லை. அந்த ஃபைலை மட்டும் இரண்டு டிஸ்க்கிலும், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், முதல் இடத்தில், என் கையாலேயே இழுத்துப் போட்டேன்.